எழுநூறு கிராம்

ஐம்பத்து நான்கு கிலோ பிரிவில் எங்கள் கழகத்தில் இரண்டு பேர் இருந்தோம். தேசிய டேக்வாண்டோ போட்டிக்கு ஒரு கழகத்திலிருந்து ஒரு பிரிவுக்கு ஒருவர்தான் போகலாம். இன்னொருவரை ரிசர்வ் என்று பெயர் எழுதிக் கூட்டிக்கொண்டு போகலாம். முதல் ஆள் நிறையில் தவறினாலோ விலகினாலோ ரிசர்வுக்கு இடம். கண்டியில் நடந்த தெரிவுப் போட்டியில் மற்றவன் என்னை ஒன்பதுக்கு இரண்டு என்று அடித்தான். அந்த இரண்டும் பாவம் பார்த்து அவன் தந்தது என்று கழகத்தில் சொல்லிச் சிரித்தார்கள். உண்மைதான். ஆகவே அவன் போட்டியாளன், நான் மூன்றாவது வருடமாக ரிசர்வ். ரிசர்வ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மற்றவனின் பையையும் தண்ணீர்ப் போத்தலையும் தூக்கிக்கொண்டு, மனதுக்குள் அவனுக்குக் காய்ச்சல் வராதா என்று பார்த்திருக்கும் ஆள்.

அவன் ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்தவன். அப்பா இல்லை, அம்மா கொழுந்து பறிப்பவர். கண்டியில் ஒரு புடைவைக் கடையில் நாள் முழுக்கத் துணியை விரித்து மடித்துவிட்டு, கடை சாத்தியதும் நேரே பயிற்சி மண்டபத்துக்கு வருவான். உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தவன். உடற்கல்வி ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பித்து, ஒரு தடவை நேர்முகத் தேர்வுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தான். மாகாணச் சான்றிதழ் மூன்று இருந்தும் போதவில்லை. தேசிய மட்டத்தில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால்தான் புள்ளி ஏறும். இரண்டாவது தடவை அழைப்பு வந்திருந்தது. அதற்குப் பிறகு வயதெல்லை தாண்டிவிடும். இந்த முறை பதக்கம் கிடைத்தால் வாத்தியார், இல்லையென்றால் சாகும்வரை துணி மடிப்பு. அவன் இதை யாரிடமும் ஒளிக்கவில்லை. பயிற்சிக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு எல்லோரிடமும் சொல்வான்.

எனக்கு அப்படி ஒரு தேவையும் இல்லை. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். அவருடைய செல்வாக்கில் எனக்கு ஒரு கந்தோரில் எழுத்து வேலைக் கதிரை கிடைத்திருந்தது. நான் இந்த விளையாட்டுக்கு வந்தது ஆத்திரத்தில். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தின்போது எங்கள் வீட்டுக்குள் புகுந்தவர்கள் அப்பாவை முற்றத்தில் போட்டு அடித்தார்கள். எனக்கு ஏழு வயது. அலுமாரிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு எவனாவது கை வைத்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வெறி. வருடக்கணக்காகக் காற்றை உதைத்தேன். யுத்தம் வளர்ந்து தெருவுக்குத் தெரு துவக்கோடு ஆட்கள் நின்ற காலத்தில், நான் கட்டியிருந்த கறுப்புப் பட்டியால் ஐந்து சதத்துக்கும் பிரயோசனம் இருக்கவில்லை.

நிறை குறைப்பதை நாங்கள் காய்வது என்று சொல்வோம். கண்டிக் குளிரில் சும்மா ஓடினால் வேர்க்காது. அதற்கு நாங்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். தோட்டத்து உரப்பைக்குள் வரும் தடித்த பொலித்தீனை அவன் கழுவிக் காயவைத்துக் கொண்டு வருவான். அதை நெஞ்சிலிருந்து இடுப்புவரை இறுக்கிச் சுற்றி, நழுவாமல் இருக்கக் கறுப்பு டேப் ஒட்டி, மேலே இரண்டு சுவெட்டர், அதற்கும் மேலே மழைக்கோட். இந்தக் கோலத்தில் விடியற்காலையில் வாவியைச் சுற்றி ஓடுவோம். அங்கே காவல் நின்ற சிப்பாய்கள் புதிதாக வந்த நாளில் எங்களை நிறுத்தித் தடவிப் பார்த்தார்கள். ஒரு கிழமையில் பழகிவிட்டது. பிறகு நாங்கள் கடக்கும்போது, இன்னும் எத்தனை கிலோ என்று சிங்களத்தில் பகிடி விடுவார்கள்.

அந்தப் பகிடிதான் எங்களைக் கெடுத்தது. ஊரே பார்த்துப் பழகியதால் அந்தக் கோலம் எங்களுக்குச் சட்டை போடுவது போல ஆகிவிட்டது. எங்களைத் தெரியாத ஒருவனின் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று ஒருத்தனும் யோசிக்கவில்லை. கொழும்பில் உடம்பில் குண்டைக் கட்டிக்கொண்டு வந்தவர்களைப் பற்றிப் பேப்பரில் வாசித்துக்கொண்டே நாங்கள் உடம்பில் பொலித்தீனைச் சுற்றி டேப் ஒட்டினோம். இப்படிப்பட்ட முட்டாள்கள் உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்க மாட்டார்கள்.

நிறை பார்ப்பதற்கும் எங்களிடம் ஒழுங்கான தராசு கிடையாது. கழகத்தில் இருந்த ஒருவன் திகனக்காரன், முஸ்லிம். அவனுடைய வாப்பாவுக்கு அரிசிக் கடை இருந்தது. அங்கே மூட்டை நிறுக்கும் தராசில்தான் நாங்கள் ஏறி இறங்குவோம். புறப்படுவதற்கு முதல் நாள் அந்தத் தராசு எங்கள் போட்டியாளனுக்குச் சரியாக ஐம்பத்து நான்கைக் காட்டியது. வாப்பா சந்தோசத்தில் பேரீச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார். ஒன்றரை நாளாகச் சாப்பிடாதவன் அதை மூக்கில் வைத்து மணந்து பார்த்துவிட்டு என் கையில் தந்தான். நான் தின்றேன்.

மறுநாள் காலையில் வேனில் ஏழு பேர் போனோம், கூடவே எங்களுக்குப் பயிற்சி தரும் சேர். சேர் சிங்களவர். கொழும்புக்குள் நுழைவதற்குள் மூன்று இடத்தில் மறித்தார்கள். வழக்கமாகத் தமிழர்களையும் முஸ்லிம்களையும் மட்டும் இறங்கச் சொல்வார்கள், மற்றவர்கள் இருக்கையிலேயே இருக்கலாம். சேர் அதற்கு விடவில்லை. மூன்று இடத்திலும் கழகம் முழுவதும் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை. எங்கள் அடையாள அட்டையை, ஐசி என்போம், அதை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். என்னுடையதில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கும். அதை வாசித்ததும் சிப்பாயின் முகம் மாறுவதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அன்று ஒரு இடத்தில் என்னை மட்டும் தள்ளி நிறுத்திப் பத்து நிமிடம் கேள்வி கேட்டார்கள். சேர் பக்கத்தில் வந்து நின்றதால் விட்டார்கள். வேனில் ஏறியும் என் கால் நடுக்கம் நிற்கவில்லை. அவன் தன் துவாயை என் முழங்கால்மேல் போட்டு மற்றவர்கள் பார்க்காதபடி மறைத்தான்.

நிறை பார்ப்பது போட்டிக்கு முதல் நாள் பின்னேரம், நான்கு மணிக்கு மூடிவிடுவார்கள். முதலில் ஒரு மேசையில் பெயரைப் பதிந்து ஐசியைக் கொடுக்க வேண்டும். ஒருவனுக்குப் பதிலாக இன்னொருவன் தராசில் ஏறிவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. நிறை பார்த்து முடிந்த பிறகு அல்லது போட்டியிலிருந்து விலகினால்தான் ஐசி திரும்பக் கிடைக்கும். நாங்கள் இருவரும் கொடுத்தோம். பரீட்சித்துப் பார்ப்பதற்கென்று வைத்திருந்த தராசில் அவன் ஏறினான். இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தான்.

"எழுநூறு கிராம் கூட," என்றான்.

திகன அரிசிக் கடைத் தராசு பொய் சொல்லியிருந்தது. மூட்டைக்கு எழுநூறு கிராம் பெரிய விசயமில்லை. மணி மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. மண்டபத்துக்குள் ஓட விடவில்லை. வெளியே மதிலோரமாக ஓட வேண்டியதுதான். பையிலிருந்து பொலித்தீனை எடுத்தேன். அவனைச் சுற்றி நானே இறுக்கினேன், டேப்பை என் பல்லால் கடித்துக் கடித்து ஒட்டினேன். இரண்டு சுவெட்டர், மழைக்கோட். கொழும்பு வெயிலில் அதெல்லாம் தேவையே இல்லை, வெறும் சட்டையோடு ஓடினாலே போதும். அதைக்கூட யோசிக்கவில்லை, காய்வதென்றால் எங்களுக்கு அந்தக் கோலம்தான்.

"ஐசிய வாங்கிட்டுப் போறேன் மச்சான்," என்றான் அவன். தோட்டத்துப் பிள்ளை, கக்கூசுக்குப் போனாலும் ஐசி இல்லாமல் போகாதவன்.

"விசரே உனக்கு? அவங்கள் தரமாட்டாங்கள். கேட்டுக்கொண்டு நிண்டால் நேரம் போயிடும். மதிலைச் சுத்தித்தானே ஓடப்போறாய், ஆர் உன்னைக் கேக்கப் போறாங்கள்? ஓடு, ஓடு!" என்று முதுகில் தட்டி அனுப்பியது நான்.

திகனக்காரன் துணைக்கு அவனோடு வெறும் டீசேர்ட்டில் போனான். சேர் பக்கத்துக் கட்டடத்தில், யாரோடு யார் மோதுவது என்று சீட்டுக் குலுக்கும் கூட்டத்தில் இருந்தார். நான் மண்டபத்தில் பைகளுக்குக் காவல்.

மூன்றரை இருக்கும். திகனக்காரன் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"மச்சான், அவன புடிச்சிட்டாங்க. கேட்டுக்கு அங்கால சென்ட்ரிக்கிட்ட. கோட்ட கழட்டச் சொன்னாங்க, டேப்ப கண்டதும் துவக்க நீட்டி ரோட்டுல படுக்கப் போட்டுட்டாங்க. நான் எவ்வளவு சொல்லியும் கேக்கிறாங்க இல்ல. ஒரு வயசான ஆமிக்காரர் மட்டும், ஐசி கொண்டாந்து காட்டு, விடுறன்டு சொல்றார். நீ ஐசிய எடுத்துக்கிட்டு ஓடு, நான் போய் சேர கூட்டிட்டு வாறன்."

சொல்லிவிட்டுச் சேரைத் தேடி ஓடினான். நான் மேசைக்கு ஓடினேன். ஐசிப் பெட்டியை வைத்திருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். நான் சொன்னதைக் கேட்டு அவருக்கே முகம் கறுத்துவிட்டது. சிங்களத்தில் சொன்னார்: விதிப்படி சும்மா தர முடியாது, ஆனால் அவர் விலகுகிறார் என்று ஒரு வரி எழுதித் தந்தால் இந்த நிமிடமே தருகிறேன். எழுதினேன். அவனுடைய பெயரைக் கோடு போட்டு வெட்டினார். பெயரை வெட்டியதற்காக என்னை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அது செய்யத்தான் வேண்டும்.

நீயும் ஐசி இல்லாமல் வெளியே போகாதே என்று இரண்டு ஐசிகளையும் என் கையில் தந்துவிட்டு அவர் கேட்டார், "நீதானே ரிசர்வ்? உன் நிறை சரியா?"

தலையாட்டினேன்.

"அப்படியானால் தராசு நான்கு மணிக்கு மூடிவிடும். முன்னால் பதினொரு பேர் நிற்கிறார்கள். உன் இஷ்டம்."

நான் வரிசையில் போய் நின்றேன்.

இதை எத்தனையோ விதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். சேர் இதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார், சிங்களவர் சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்தேன் என்பது ஒரு விதம். யாழ்ப்பாணத்து ஐசியோடு நான் அங்கே போனால் அவனை விட்டு என்னைப் பிடிப்பார்கள் என்று பயந்தேன் என்பது இன்னொரு விதம். இரண்டும் உண்மை. ஆனால் வரிசை ஓரடி நகரும்போதெல்லாம் எனக்குள் ஏதோ குளிர்ந்தது, அதுவும் உண்மை. மூன்று வருடம் பை தூக்கியவன் நான். என் பெயர் கடைசியில் அந்தப் பட்டியலில் ஏறப்போகிறது. சட்டையைக் கழற்றி, காற்சட்டையைக் கழற்றி, உள்ளாடையோடு ஒரு கையில் அவனுடைய ஐசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படத்தில் அவன் புடைவைக் கடைச் சேர்ட்டோடு விறைப்பாக இருந்தான். நான் அதைக் கவிழ்த்துப் பிடித்தேன்.

தராசில் ஐம்பத்து மூன்று புள்ளி இரண்டு. சரி என்றார்கள். உடுப்பைப் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டியபோது மணி நான்காகிவிட்டது.

சென்ட்ரிக் காவலரண் பக்கத்தில் அவன் இல்லை. ரோட்டோரத்தில் வெட்டிக் கிழித்த பொலித்தீன் கிடந்தது, உள்பக்கம் முழுக்க வேர்வை. சேரும் திகனக்காரனும் அந்த வயதான சிப்பாயோடு வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் ஐசியை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய்?" என்று சிங்களத்தில் கேட்டார். "பொலிஸ் ஜீப் வந்த பிறகும் நிற்கச் சொல்லி வைத்திருந்தேன். பத்து நிமிடம் முந்தி வந்திருந்தால் இங்கேயே விட்டிருப்பேன். இனி என் கையில் இல்லை."

சேர் என் பக்கம் திரும்பினார். அவரும் கூட்டத்தை விட்டு வெளியே வரப் பட்டபாடு அப்போதுதான் முடிந்திருந்தது. "மேசையில் தரவில்லையா?" என்றார்.

"ரிசர்வ் ஆள் நிறை பார்த்த பிறகுதான் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள் சேர்," என்றேன். யோசிக்காமல் வந்த பொய். ஏற்கெனவே செய்து வைத்தது மாதிரி வாயிலிருந்து விழுந்தது. சேர் அந்த உத்தியோகத்தரைக் கெட்ட வார்த்தையால் திட்டினார்.

பொலிஸ் நிலையத்தில் சேர் பின்னேரம் முழுக்க நின்றார். ஐசி, கழகக் கடிதம், விண்ணப்பப் படிவம் எல்லாவற்றையும் காட்டினார். ஐசி இல்லாமல், உடம்பில் டேப்போடு, தமிழன். விசாரிக்க வேண்டும் என்பதற்கு மேல் அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அணியைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகவா என்று சேர் எங்களைக் கேட்டார். கடைசியில் அவரே, வந்தது வந்துவிட்டோம், அவனுக்காக விளையாடுங்கள் என்றார். அவனுக்காக! எனக்குக் காது கூசியது.

மறுநாள் நான் இரண்டு பேரை வென்றேன். அரையிறுதியில் நீளக்காலன் ஒருவனிடம் தோற்றேன். மூன்றாமிடம். வெண்கலத்தைக் கழுத்தில் போட்டு, தேசிய மட்டச் சான்றிதழ் ஒன்றைக் கையில் தந்தார்கள். அவனுக்கு வாழ்க்கை கொடுத்திருக்கக்கூடிய காகிதம். என் கந்தோரில் அதைக் காட்டினேன். தலைமை எழுத்தர் நல்லது என்று சொல்லிவிட்டுக் கோப்பைப் புரட்டினார்.

அவனை ஏழு மாதம் வைத்திருந்தார்கள். முதலில் பொலிஸ் நிலையம், பிறகு வேறொரு இடம், பிறகு சிறை. சேர் மாதம் ஒருமுறை போய்ப் பார்த்தார். அவனுடைய அம்மா தோட்டத்தில் லீவு கேட்டுக் கேட்டுப் போனார். திகனக்காரன் இரண்டு தடவை போனான். நான் ஒரு தடவையும் போகவில்லை. யாழ்ப்பாணத்து ஐசியோடு இவன் போகக்கூடாது, பிறகு இவனையும் அல்லவா மீட்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த அம்மாவும் சொன்னார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வராதீங்க தம்பி, ஒங்களுக்கும் ஏதாச்சும் ஆயிட்டா நான் தாங்க மாட்டேன்," என்றார். நேர்முகத் தேர்வு நாள் வந்து போனது.

குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் ஒருநாள் விட்டார்கள். அடுத்த கிழமை பின்னேரம் அவன் மண்டபத்துக்கு வந்தான். உடம்பு பாதியாகியிருந்தது, இப்போது எந்தத் தராசிலும் பயமில்லாமல் ஏறலாம். இடது பக்கம் பேசினால் காது கேட்கவில்லை. வலது பாதத்தை இழுத்து இழுத்து வைத்தான். புடைவைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். மர வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். உள்ளே நடந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பின்னேரத்தைப் பற்றி மட்டும் சொன்னான்.

"அந்த வயசான ஆமிக்காரர் நல்ல மனுசன் மச்சான். ஜீப் வந்த பொறகும், இருங்க, கார்ட் வருதான்னு பார்ப்போம்னு நிப்பாட்டி வச்சிருந்தாரு. நான் ரோட்டுல கவுந்து கெடந்தேன். தலைய ஒரு பக்கமா திருப்பினா கேட் தெரியும். நீ வருவேன்னு கேட்டையே பார்த்துக்கிட்டு கெடந்தேன். வெளிய வர்ற ஒவ்வொருத்தனும் நீதான்னு நெனப்பேன்."

காலில் விழுந்து சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வந்தது. திகனக்காரன் எதிரே காற்கவசம் கட்டிக்கொண்டிருந்தவன், கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அந்த மேசை உத்தியோகத்தரிடம் அவன் பிறகு ஏதும் கேட்டானோ தெரியாது. எழுந்து வெளியே போனான்.

"என்னை நிறை பாத்த பிறகுதான் தருவம் எண்டு சொல்லிப்போட்டாங்கள்," என்றேன்.

"அதானே," என்றான் அவன். "நானும் அப்படித்தான் நெனச்சேன். இல்லாட்டி நீ நின்னுருப்பியா?"

பிறகு சான்றிதழைப் பற்றிக் கேட்டான். அரையிறுதியில் யார் என்று கேட்டான். நீளக்காலன் என்றதும் தொடையில் தட்டினான்.

"அவன்கிட்டயா விட்ட? காலத் தூக்கும்போது அவன் இடது கை எறங்கும்னு வேன்ல வர்றப்ப சொன்னேனே!"

"ஓம். சொன்னனி."

"அப்ப உள்ள புகுந்து நெஞ்சில வச்சிருக்கணும். இங்க பாரு."

எழுந்து காட்டப் பார்த்தான். வலது காலைத் தூக்கினான், பாதம் கணுக்காலிலிருந்து தொங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என்னை எழுந்து நிற்கச் சொன்னான். தான் உட்கார்ந்தபடியே என் இடுப்பைப் பிடித்துத் திருப்பி, என் முழங்காலைத் தன் கையால் தூக்கி, எந்த உயரத்தில் எந்தக் கணத்தில் உதைக்க வேண்டும் என்று காட்டித் தந்தான். வரும்வரை விடவில்லை. ஏழெட்டுத் தடவை செய்ய வைத்தான்.

"அடுத்த வருசம் அவன விட்டுறாத," என்றான்.

அடுத்த வருடமும் நான் போனேன். அந்த நிறையில் எங்கள் கழகத்தில் வேறு ஆள் இருக்கவில்லை.